மூன்றாவது பூச்சு

நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது
அந்த மஞ்சள்.
சாங்கியில் இறங்கி நான்கு நாளாயிற்று.
சோறு பிசையும்போது தெரிகிறது.

படிவம் திங்களுக்குள் போக வேண்டும்.
'உங்கள் பயணம் எத்தனை பிள்ளைகளின்
வாழ்வைத் தொட்டது?'
கட்டத்தில் எண் மட்டுமே ஏறும்.
எழுத்தை அடித்தால் சிவக்கிறது.

முப்பத்தொன்று என்றான் கெல்வின்.
ஷு வென் முப்பது என்றாள்:
ஒருத்திக்குக் காய்ச்சல்,
அவள் வெளியே வரவேயில்லை.

பட்டம்பாங் தாண்டி இரண்டு மணி நேரம்.
புழுதி, தாமரைக்குளம், தகரக்கூரை.
வேனிலிருந்து நாங்கள் இறங்குமுன்
உயர வரிசையில் நின்றுவிட்டார்கள்.
சொல்லிக்கொடுக்கக் கொண்டுபோன
கைதட்டல் விளையாட்டை
எங்களைவிட வேகமாய் ஆடினார்கள்.
பல்துலக்கும் பாடத்துக்கு நான் பிரஷ்ஷை எடுக்குமுன்பே
ஈறு தெரிய இளித்துக் காட்டினான் ஒருவன்.

சுவர் எங்கள் பங்கு.
உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க
பச்சை உதிர்ந்து நீலம் வந்தது,
ஒரு திமிங்கிலத்தின் வால்.
சொக்னா விரல் வைத்துக் காட்டினாள்:
பச்சை, கொரியா.
நீலம், மெல்பர்ன்.
பிறகு எங்கள் மஞ்சள் டின்னைத் தொட்டு
என் சட்டையைத் தொட்டாள்.

'பொங்' என்றால் அக்கா.
எங்கள் வீட்டில் அது பாலுக்குச் சொல்வது.
பொங், பொங் என்று
வாளியைத் தூக்கிக்கொண்டு
நாள் முழுக்கப் பின்னால் வந்தாள்.

கேட்கக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.
மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன்: அம்மா?
இருக்கிறாள். ஞாயிறு. மோட்டார்சைக்கிள்.
கைப்பிடியை முறுக்கி
வாயால் சத்தமும் போட்டுக் காட்டினாள்.
எங்கள் பதாகையில் 'அனாதை' என்ற சொல்
ஒரு முழ உயரம்.
அதன் கீழே நின்றுதான்
எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம்.
அவளுக்கு முன்வரிசை.

அடுத்த வருஷம் வருவேன் என்றேன்.
தலையாட்டினாள்,
எம்ஆர்டி வாசலில் காப்புறுதி விற்கும் பையனிடம்
அம்மா ஆட்டுவாளே, அப்படி.

இங்கே ஈசூனில் எங்கள் புளோக்குக்கும்
சாயம் அடிக்கிறார்கள்.
இன்று காலை ஒன்பதாம் மாடிச் சன்னலில்
தொங்குமேடை வந்து நின்றது.
துணிக்கழியை உள்ளே இழுக்கச் சொன்னவர்
சேவுகன், திருமயம் பக்கம்.
என் விரலைப் பார்த்தார்.
"எங்க அடிச்சீங்க?"
சொன்னேன்.
"எவ்வளவு குடுத்தாங்க?"
"நாங்கதான் குடுத்தோம். ஆயிரத்து இருநூறு வெள்ளி.
கறிபஃப் வித்து நானூறு,
மீதி அப்பாவோட போனஸ்."
சிரித்துவிடுவார் என்று நினைத்தேன்.
ரோலரைத் தட்டில் இரண்டுமுறை உருட்டினார்,
ஏதோ கணக்குப் போடுவதுபோல்.
அப்புறம் கேட்டார்:
"அடியில பிரைமர் போட்டீங்களா?"
இல்லை.
"அப்ப ஒரு மழைக்குத் தாங்கும்."
மேடை இறங்கத் தொடங்கியது.
தலை மறையுமுன் குரல் மட்டும்:
"தேங்காயெண்ணெய் வச்சுத் தேய்ங்க, போயிடும்."

எண்ணெய்க் குப்பி மேசைமேல் இருக்கிறது.
மூடி திறக்கவில்லை.

கட்டத்தில் முப்பத்தொன்று என்று அடித்தேன்.
அழித்தேன்.
காய்ச்சல்காரியை நினைத்து முப்பது என்று அடித்தேன்.
பூஜ்யத்தையும் ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்தேன்,
ஏற்றுக்கொள்கிறது.
கடைசியில் கெல்வின் எண்ணையே அனுப்பிவிட்டேன்,
குழுவில் எல்லாருடையதும் ஒன்றாக இருக்க வேண்டுமாம்.

நாளை ஞாயிறு.
கைப்பேசியில் அந்த ஊர்ப் பெயரைத் தட்டுகிறேன்.
மேகம், அதன் கீழே மூன்று கோடு.
சுவர் போனால் போகட்டும்,
நாலாவது பூச்சுக்கு யாராவது
இந்நேரம் எங்கோ கறிபஃப் விற்றுக்கொண்டிருப்பார்கள்.
குளத்தை ஒட்டிய அந்த மண்பாதை,
மழை பிடித்தால்
மோட்டார்சைக்கிள் ஏறுமா?